கேம்ல தெரிஞ்ச புராணப் பேரோட வந்து அடிச்ச அரக்கர்கள்: உங்க அனுபவம் சொல்லுங்க

பரண்பூனை:
ஃபைனல் ஃபேன்டஸி 14-ங்கிற ஜப்பான் ஆன்லைன் கேம் ஆடினவங்களுக்கு விளக்கம் வேண்டாம். அதோட ஹெவன்ஸ்வேர்ட் (2015)-ங்கிற கூடுதல் பாகத்துல ராவணன் சண்டை. பத்துத் தலையை எதிர்பார்த்துப் போனேன். இருந்தது ஒத்தைத் தலை, நாலு கை, நாலு வாள். அவனைக் கும்பிடுறது ஒரு பூச்சி இனம். அதுகூடப் பரவாயில்லை. நடுச் சண்டையில ஒரு அடி போட்டான். சண்டையில நடக்கிறதை எழுத்துல காட்டுற பேட்டில் லாக்ல அந்த அடியோட பேரு 'சூர்ப்பணகா'. எனக்குக் கை அப்படியே நின்னுபோச்சு. மூக்கறுபட்டு அண்ணன் முன்னால வந்து அழுத தங்கச்சி அவ. அவ பேரையே அண்ணன் கையில ஆயுதமா குடுத்திருக்காங்க. யோசிச்சு வெச்சதா, இல்ல கிடைச்ச பேரை அடுக்கினதா? இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு.

கடைசிபஸ்:
யோசிச்சு வெச்சதுதான். அதே சண்டையில 'ஆத்மலிங்கா', 'தபஸ்யா'ன்னும் அடி இருக்கே! சிவன்கிட்ட தவம் இருந்து ஆத்மலிங்கத்தை வாங்கிட்டு வந்து, கோகர்ணத்துல பிள்ளையார்கிட்ட ஏமாந்தவன் ராவணன். அந்தக் கதை தெரியாதவனுக்கு இந்தப் பேரு தோணவே தோணாது.

என்னை உலுக்கினது விருத்திரன். அதே கேமோட எண்ட்வாக்கர் (2021) பாகத்துல வர்றவன். ரிக்வேதத்துல தண்ணியை அடைச்சு வெச்ச பாம்பு, இந்திரன் வஜ்ராயுதத்தால பிளந்து போட்டவன். இங்கே அவன் ஒரு ஊரையே காக்கிற டிராகன். ஜனங்க பயப்படுவாங்கன்னு மறைஞ்சே இருந்தவன், ஊர் பத்தி எரியும்போது வெளியே வந்து நிக்கிற இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. பாகவதம் ஆறாம் ஸ்கந்தத்துல விருத்திரன் பெருமாள் பக்தன். எழுதினவங்க அதையும் படிச்சிருப்பாங்கன்னுதான் நான் நம்புறேன்.

ரெண்டாம்ஆட்டம்:
எல்லாரும் படிச்சுட்டுத்தான் பேரு வெக்கிறாங்கன்னு சொல்லாதீங்க ப்ரோ. ரக்னராக் ஆன்லைன் கேமை (கொரியா, 2002) எடுத்துக்கோங்க. பனி ஊர் லூட்டியில ஒரு பெரிய ஓநாய் பாஸ். ஒரு சர்வர்ல 'கார்ம்', இன்னொன்னுல அதே உருவம் 'ஹாட்டி'. நார்ஸ், அதாவது பழைய வட ஐரோப்பியக் கதையில ரெண்டும் வேற வேற. ஹாட்டி நிலாவைத் துரத்துற ஓநாய். கார்ம் கடைசி யுத்தத்துல டீர் தேவனோட மோதி, ரெண்டு பேரும் சாகிற நாய். இதுல என்ன யோசனை இருக்கு?

ஆனா என்னை இன்னும் விடாதது அதே கேம்ல வர்ற பேயோன் குகை. 'முனக்'. முகத்துல மந்திரத் தாள் ஒட்டின பொண்ணு, சீனக் கதைகள்ல வர்ற குதிக்கிற பிணம் மாதிரி. ஹெட்போன் போட்டு, லைட் அணைச்சு ஆடிட்டிருந்தேன். மூலையிலேருந்து ஒண்ணு வந்துச்சு, பின்னாலயே நாலு. அதுக்கப்புறம் அந்தக் குகைக்குத் தனியா போனதில்லை.

திண்ணைவாசி:
எனக்கு பஹாமுத்-ங்கிற டிராகன். 2012 நவம்பர்ல ஃபைனல் ஃபேன்டஸி 14-ஓட பழைய வடிவத்தை மூடினப்போ, நிலவு உடைஞ்சு அதுலேருந்து வெளியே வந்துச்சே, அந்தக் காட்சி.

ஆனா தம்பிங்களா, இப்படிப் பேரைப் பார்த்ததும் நேரா புராணத்துக்கு ஓடாதீங்க. அரபுக் கதைகள்ல பஹாமுத் ஒரு மாபெரும் மீன். அதுக்கு மேல காளை, அதுக்கு மேல பூமி. மீனை டிராகன் ஆக்கினது 1970-கள்ல வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி)-ங்கிற மேஜை விளையாட்டு. ஜப்பான்காரங்க அங்கேருந்துதான் எடுத்தாங்க. இந்த கேம்கள்ல வர்ற தியாமத்-ங்கிற டிராகனும் இதே வழியில வந்தவதான். பாபிலோன் கதையில ஆதிக் கடல், டி அண்ட் டி-யில அஞ்சு தலை டிராகன். அதனால பேரு புராணத்துலேருந்து கேமுக்கு வர்றதுக்கு முன்னால நடுவுல யார் கையில மாறுச்சுன்னு முதல்ல தேடுங்க. அப்புறம் மூலத்தைப் படிங்க: விருத்திரனுக்கு ரிக்வேதம் முதல் மண்டலம் 32-ஆம் சூக்தம், ஹாட்டிக்கும் கார்முக்கும் ஸ்னோரி எழுதின 'எட்டா'ங்கிற நார்ஸ் கதை நூல், ஃபைனல் ஃபேன்டஸியில வர்ற நெருப்பு அரக்கன் இஃப்ரித்துக்கு குர்ஆன் 27-ஆம் அத்தியாயத்துல சுலைமான் நபி கதை. விக்கியில மட்டும் பார்த்துட்டு சண்டைக்கு வராதீங்க. ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க. தூங்கவும் செய்யுங்க, ரெய்டு (கூட்டமா போய் ஆடுற பெரிய சண்டை) நாளைக்கும் இருக்கும்.

மொட்டைமாடி:
நோட்டெல்லாம் இருக்கட்டும் அண்ணா. எனக்கு சிவா. 1990-ல ஃபைனல் ஃபேன்டஸி 3-லேருந்தே பனிப் பெண்ணா வர்றா. 'டயமண்ட் டஸ்ட்' போட்டு எங்க எட்டுப் பேரையும் உறைய வெச்சப்போ அப்பா பின்னால நின்னு பார்த்துட்டிருந்தார். பேரைச் சொன்னேன். கோபப்படுவார்னு நினைச்சேன். "கயிலாயம் பனிமலைதானே, பாதி உடம்பு அம்பாள்தானே"ன்னு சொல்லிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டார். ஜெயிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

லக்ஷ்மி சண்டை ஆடினவங்க யாராச்சும் இருக்கீங்களா? அதையும் அப்பா கேட்கிறார்.