அத்தை, ஊசியைக் கீழே வையுங்கள்

குடும்பக் குழு, சனிக்கிழமை

ஆயர் ஈத்தாம் அத்தை, காலை 7.42
வணக்கம் தம்பி. நேற்றிரவு ரவுட்டர் தானாகவே புதிய ஃபர்ம்வேரை, அதாவது தன் உள்மென்பொருளை, ஏற்றிக்கொண்டதாகக் கைப்பேசியில் ஒரு செய்தி வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அம்மாவின் அறையில் உள்ள கேமரா வேலை செய்யவில்லை. பிரிண்டரும் வைஃபையைப் பிடிக்கவில்லை. என் கைப்பேசியில் மட்டும் இணையம் வழக்கம்போல் வருகிறது. சேவை மையத்தை அழைத்தேன். ரவுட்டரின் பின்புறம் இருக்கும் சிறு துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தச் சொன்னார்கள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அழுத்தலாமா?

நான், காலை 7.44
வேண்டாம் அத்தை, ஊசியைக் கீழே வையுங்கள். அந்தத் துளையை அழுத்தினால் ரவுட்டர் அணைந்து மீண்டும் எரிவதோடு நிற்காது. கடையிலிருந்து வாங்கி வந்த நாளில் இருந்த நிலைக்கே போய்விடும். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமல்ல, இணைப்புக் கொடுக்க வந்தவர் உள்ளே பதிந்துவைத்த பயனர் பெயர், அதற்கான கடவுச்சொல், ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பாதை பிரிக்கும் விலேன் எண் எல்லாம் சேர்ந்தே அழிந்துவிடும். இப்போது கேமராவும் பிரிண்டரும்தான் இல்லை. அந்த விவரங்கள் எழுதிய தாள் கையில் இல்லாமல் துளையை அழுத்திவிட்டால் வீட்டில் இணையமே இருக்காது.

செந்தூல் சித்தப்பா, காலை 7.49
அக்கா, இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தபோது அம்மாவைப் பார்க்கலாம் என்று கேமராவைத் திறந்தேன், படம் வரவில்லை. அதன்பிறகு உறங்கவே இல்லை. அம்மா எப்படி இருக்கிறார்?

ஆயர் ஈத்தாம் அத்தை, காலை 7.51
அம்மா நன்றாக இருக்கிறார். எழுந்து முகம் கழுவி, மைலோவில் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான் அருகிலேயேதான் இருக்கிறேன், கவலைப்படாதே. ஆனால் பத்து மணிக்கு டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டால் நான் கூடத்தில் இருப்பேன்; அம்மா கட்டிலிலிருந்து இறங்க முயன்றால் கேமரா இல்லாமல் எனக்குத் தெரியாது.

செந்தூல் சித்தப்பா, காலை 7.53
அப்படியானால் நான் இன்றே லோ யாட் பிளாசாவுக்குப் போய் நல்ல ரவுட்டர் ஒன்றை வாங்கி அனுப்பிவிடுகிறேன். இந்தப் பழையதை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

நான், காலை 7.57
சித்தப்பா, சற்றுப் பொறுங்கள். அத்தையின் கைப்பேசியில் இணையம் வருவதால் வெளியிலிருந்து வரும் ஃபைபரும் மோடமும் நன்றாகவே இருக்கின்றன, ரவுட்டரும் பழுதாகவில்லை. புதுப்பிப்பு வைஃபை அமைப்பில் எதையோ மாற்றியிருக்கிறது, அந்த மாற்றம் புதிய கருவிகளுக்குப் புரிகிறது, பழைய கருவிகளுக்குப் புரியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. புதிய ரவுட்டர் வந்தாலும் இதே தொல்லை வரக்கூடும். அத்தை, பெயர்ப் பட்டியலில் நம் வீட்டு வைஃபை எத்தனை பெயர்களில் தெரிகிறது? கேமராவின் விளக்கு என்ன நிறத்தில் இருக்கிறது?

ஆயர் ஈத்தாம் அத்தை, காலை 8.02
முன்பு இரண்டு பெயர்கள் இருந்தன, ஒன்றின் இறுதியில் 5ஜி என்று இருக்கும். இப்போது ஒரே பெயர்தான் தெரிகிறது. கேமராவில் சிவப்பு விளக்கு மெதுவாக விட்டுவிட்டு எரிகிறது.

நான், காலை 8.08
அந்த 5ஜி கைப்பேசிச் சேவையின் 5ஜி அன்று அத்தை. 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குறிக்க வைத்த பெயர். ரவுட்டர் 2.4, 5 என்ற இரண்டு அலைகளில் பேசுகிறது. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் களைத்துவிடும், 2.4 மெதுவானது, ஆனால் இரண்டு அறை தாண்டியும் போகும். பாட்டியின் கேமராவுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். புதுப்பிப்பு இரண்டையும் ஒரே பெயருக்குள் சேர்த்துவிட்டது. அது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை, ஆனாலும் பெயரைப் பிரித்து வைத்தால் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று நமக்கே தெளிவாகத் தெரியும்.

மடிக்கணினியை மஞ்சள் கேபிளால் ரவுட்டரோடு இணைத்துக்கொள்ளுங்கள். வைஃபை வழியாகவே வைஃபையின் அமைப்பை மாற்றினால் பாதியில் தொடர்பு அறுந்துவிடும். பிறகு 192.168.0.1 என்ற எண்ணை, தேடும் கட்டத்தில் அல்லாமல், மேலே இருக்கும் முகவரிக் கட்டத்தில் அடியுங்கள். அங்கே கேட்கும் கடவுச்சொல் வைஃபைக்கு உரியது அன்று. ரவுட்டருக்குள் நுழைவதற்கான தனிக் கடவுச்சொல்.

ஆயர் ஈத்தாம் அத்தை, காலை 8.21
அதை டியூஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். உள்ளே வந்துவிட்டேன். இணைப்புக் கொடுத்தவர் தந்த தாளும் அதே நோட்டில்தான் ஒட்டியிருக்கிறது. இணையத்துக்கு விலேன் 500, தொலைக்காட்சிக்கு 600 என்று எழுதியிருக்கிறார்.

நான், காலை 8.23
அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள் அத்தை, இப்போது அதற்கு வேலை இல்லை. எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘வயர்லெஸ்’ பக்கத்தில் ‘செக்யூரிட்டி’ என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் அத்தை, காலை 8.29
டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருக்கிறது.

நான், காலை 8.35
பிரிண்டர் ஏன் போனது என்பது தெரிந்துவிட்டது. வைஃபையைக் காக்கும் டபிள்யூபிஏ2 என்ற பூட்டு 2004இல் வந்தது. டபிள்யூபிஏ3 2018இல் அறிமுகமானது. புதிய பூட்டு வலுவானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ரவுட்டரும் கருவியும் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துவதால், அந்த வசதி இல்லாத பழைய பிரிண்டரும் கேமராவும் கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. இரண்டு அலைகளையும் ஒரே பெயருக்குள் சேர்க்கும் ‘ஸ்மார்ட் கனெக்ட்’ என்பதை அணைத்துவிட்டு, 2.4க்கு மட்டும் டபிள்யூபிஏ2, அதற்கான குறியாக்க முறையாக ஏஇஎஸ் என்று தேர்ந்தெடுங்கள். டிகேஐபி என்று இருப்பதைத் தொட வேண்டாம், அது பழைய, பலவீனமான முறை. 5க்கு டபிள்யூபிஏ3 அப்படியே இருக்கட்டும்.

மிக முக்கியமாக, 2.4க்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே ஓர் எழுத்தும் மாறாமல், பெரிய எழுத்து சிறிய எழுத்துகூடப் பிசகாமல் கொடுங்கள். அப்படிச் செய்தால் பிரிண்டரையும் கேமராவையும் புதிதாக அமைக்க வேண்டியதில்லை. அவை தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். கேமராவின் செயலியில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் அத்தை, காலை 8.52
பிரிண்டரை அணைத்துப் போட்டேன். இரண்டாவது நிமிடமே நீல விளக்கு எரிந்தது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் பயிற்சித் தாளை அச்சிட்டுப் பார்த்தேன், தெளிவாக வந்தது. கேமராவையும் அவ்வாறே அணைத்துப் போட்டேன். ஆனால் அதே சிவப்பு விளக்குதான்.

நான், காலை 8.55
இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நினைத்துவிட்டேன் அத்தை. அது என் தவறு. கேமராவுக்கு வேறேதோ தடை இருக்கிறது. அதே பக்கத்தில் 2.4க்குக் கீழே ‘சேனல்’ என்று ஒன்று இருக்கும், அந்த அலைக்குள் ரவுட்டர் எந்தத் தடத்தில் பேசுகிறது என்பதைக் காட்டுவது. அதில் என்ன இருக்கிறது? அருகில் ‘கரன்ட் சேனல்’ என்று எண் ஏதாவது தெரிகிறதா?

ஆயர் ஈத்தாம் அத்தை, காலை 8.59
சேனல் ‘ஆட்டோ’ என்று இருக்கிறது. கரன்ட் சேனல் 13. அகலம் 40.

நான், காலை 9.06
கிடைத்துவிட்டது. மலேசியாவில் 2.4இல் 1 முதல் 13 வரை சேனல்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் 11 வரைதான். அந்தச் சந்தைக்கென்று செய்யப்பட்டு இணையக் கடைகள் வழியாக நம்மிடம் வந்து சேரும் சில கருவிகள் 12, 13 ஆகியவற்றைத் தேடிப் பார்ப்பதே இல்லை. புதுப்பிப்புக்குப் பிறகு ரவுட்டர், கூட்டம் குறைவு என்று எண்ணித் தானே 13க்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அது எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் கேமராவின் காதில் விழாது. கேமராவைப் பொறுத்தவரை நம் வீட்டில் வைஃபையே இல்லை.

ஆட்டோவை எடுத்துவிட்டு 11 என்று வையுங்கள். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 11 வரையிலான சேனல்களில் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மூன்றுதான். தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பார்த்தேன், உங்கள் மாடியில் பெரும்பாலானவர்களின் ரவுட்டர்கள் 6இல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. யாரும் இல்லையே என்று 3, 4இல் போய் நின்றால் 1இல் இருப்பவர்களுக்கும் 6இல் இருப்பவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரு பக்க இரைச்சலையும் கேட்க வேண்டியிருக்கும். அடுக்குமாடியில் 2.4க்கு 40 அகலம் வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை; அது அண்டை வீட்டார் இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும், நமக்கும் நிலையான தொடர்பு கிடைக்காது.

ஆயர் ஈத்தாம் அத்தை, காலை 9.14
சேமித்துவிட்டேன். கேமராவின் முன்னாலேயே நிற்கிறேன். சிவப்பு விளக்கு வேகமாக எரிந்தது, அணைந்தது, இப்போது பச்சை விளக்கு அசையாமல் எரிகிறது.

செந்தூல் சித்தப்பா, காலை 9.15
படம் வந்துவிட்டது. அம்மா போர்வையை மடித்துக்கொண்டிருக்கிறார். தம்பி, உனக்கு மிக்க நன்றி.

பாயான் லெப்பாஸ் அக்கா, காலை 9.20
தம்பி, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் வீட்டிலும் போன வாரம் புதுப்பிப்பு வந்தது. அதிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நாளுக்கு இரண்டு மூன்று முறை மறைந்துபோய், சற்று நேரத்தில் திரும்புகிறது. ரவுட்டரின் பதிவேட்டில் ‘ரேடார்’ என்று ஒரு வரி இருக்கிறது, சேனல் 100 என்று காட்டுகிறது.

நான், காலை 9.26
அக்கா, உங்களுடையது வேறு கதை. 5இல் 52 முதல் மேலே உள்ள பல சேனல்களை வானிலை முதலிய ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், முன்னுரிமை ரேடாருக்குத்தான். அதனால் ரவுட்டர் அந்தச் சேனலில் பேசத் தொடங்குமுன் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்கும். இடையில் ரேடார் போல ஏதாவது கேட்டால் உடனே விலகி, 30 நிமிடம் அந்தச் சேனலுக்குத் திரும்பாது. 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நின்றுவிடும்.

செந்தூல் சித்தப்பா, காலை 9.31
இவ்வளவு தொல்லை தருமென்றால் தானியங்கிப் புதுப்பிப்பையே நிறுத்திவிடலாம் அல்லவா?

நான், காலை 9.38
நிறுத்த வேண்டாம் சித்தப்பா, இதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன். பாட்டியின் அறைக்குள் பார்க்கும் கேமரா ஒன்று இந்த ரவுட்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஃபர்ம்வேரில் ஓட்டை இருப்பது தெரிந்தும் அடைக்காமல் விட்டால், நாம் பார்ப்பதை வேறொருவரும் பார்க்க நேரலாம். நேரத்தை மட்டும் மாற்றுவோம். நள்ளிரவுக்குப் பதிலாகச் சனிக்கிழமை காலை எட்டு மணி என்று வைத்தால் அத்தை விழித்திருப்பார், நானும் வீட்டில் இருப்பேன். புதுப்பிப்பு ஓடும்போது மட்டும் யாரும் மின்சாரத்தை அணைத்துவிடக் கூடாது. பாதியில் நின்றால் ரவுட்டர் எழாமலே போகலாம்.

ஆயர் ஈத்தாம் அத்தை, காலை 9.47
நேரத்தை மாற்றிவிட்டேன். 2.4க்கு டபிள்யூபிஏ2, சேனல் 11, அகலம் 20 என்று நோட்டிலும் எழுதி, ஒரு சிறு தாளில் எழுதி ரவுட்டரின் அடியிலும் ஒட்டியிருக்கிறேன். ஊசியைத் தையல் டப்பாவில் போட்டுவிட்டேன்.

செந்தூல் சித்தப்பா, காலை 9.52
அக்கா, பிள்ளைகள் வருவதற்குள் கேமராவைச் சற்று இடப்பக்கம் திருப்புங்கள். கட்டிலின் கால்மாடு தெரிகிறது, அம்மாவின் முகம் தெரியவில்லை.

ஆயர் ஈத்தாம் அத்தை, காலை 9.54
திருப்பிவிட்டேன். பார்.