பெர்ஃபார்மன்ஸ் டாஸ்க்குக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

க., மதுரை

அனைவருக்கும் வணக்கம்.

நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெர்ஃபார்மன்ஸ் டாஸ்க் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்து மறிக்கிறது.

பொருள் தெளிவாகத்தான் இருக்கிறது. படித்ததைக் கொண்டு மாணவர் ஒன்றைச் செய்ய வேண்டும். செய்கிற விதத்தையும் செய்து முடித்ததையும் பார்த்து ஆசிரியர் மதிப்பிட வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர்கள் கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டையும் வகுத்த ஆறு கூறுகளை வைத்தே கையேடு நடக்கிறது: நோக்கம், மாணவர் ஏற்கும் பங்கு, யாருக்காகச் செய்கிறார், சூழல், செய்து தரும் பொருள், தர அளவு. ஏழாம் வகுப்புக்கு இப்படி ஒன்று இருக்கிறது: "நீங்கள் ஊராட்சித் தண்ணீர்க் குழுவில் இருக்கிறீர்கள். மழைக்குப்பின் கிணற்று நீர் கலங்கிவிட்டது. மணல், கூழாங்கல், மரக்கரி, துணி கொண்டு வடிகட்டி ஒன்று செய்யுங்கள். அது எதை நீக்கும், எதை நீக்காது என்று ஊர் மக்களுக்கு விளக்குங்கள்."

பழைய வரைவில் 'செயல்திறன் பணி' என்று இருக்கிறது. செயல்திறன் என்றால் இயந்திரமும் அலுவலக ஊழியரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். வேறு சொல் தாருங்கள்.

ம., தருமபுரி மாவட்டம்

க. அண்ணா, பக்கத்தில் இருக்கிற நல்ல சொற்களெல்லாம் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன. செயல்பாடு என்றால் ஆக்டிவிட்டி. செயல்திட்டம் என்றால் ப்ராஜெக்ட். ஒப்படைப்பு என்றால் அசைன்மென்ட். செய்முறை என்று சொன்னால் பத்தாம் வகுப்பு அறிவியலின் 25 மதிப்பெண்தான் எங்களுக்கு நினைவு வரும். இதில் எதைப் போட்டாலும் ஆசிரியர் "ஓ, அதுதானா" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது பாடம் நடக்கும்போதே மதிப்பிடும் வளரறிக்கு 40, பருவ முடிவில் மதிப்பிடும் தொகுத்தறிக்கு 60. அந்த 40இல் 20 செயல்பாடுகளுக்கு. நல்ல நோக்கம். ஆனால் பல வகுப்பறைகளில் அந்த 20 மதிப்பெண் கடையில் வாங்கிய படம் ஒட்டிய சார்ட்டுக்குப் போனது. குழந்தை என்ன கற்றது என்று அந்த சார்ட் சொல்லவில்லை. 'செயல்பாடு' என்று பெயர் வைத்ததால், ஏதோ ஒன்று நடந்தால் போதும் என்றாகிவிட்டது. புதிய பெயருக்குள் மதிப்பிடுதல் தெரிய வேண்டும்.

புலவர் ந., தஞ்சாவூர்

அன்பர்களே, வினை என்ற வேர் இருக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. "சொல்லுதல் யார்க்கும் எளிய அரியவாம் சொல்லிய வண்ணம் செயல்" என்பது வினைத்திட்பத்தில் வரும் குறள். எழுத்துத் தேர்வுக்கும் நீங்கள் கேட்கும் தேர்வுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒன்றே முக்கால் அடியில் இருக்கிறது. தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரமே உண்டு. இவனால் இது முடியும் என்று ஆராய்ந்து வேலையை ஒப்படைப்பது அதன் பொருள். ஆகவே 'வினையாடல்' என்பது என் பரிந்துரை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பாருங்கள். மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரசன்முன் ஆடிக்காட்டுகிறாள். ஆடலாசிரியன் எப்படி இருக்க வேண்டும், இசையாசிரியன் எப்படி, குழலோன் எப்படி, அரங்கு எழுகோல் அகலம் எண்கோல் நீளம் ஒருகோல் உயரம் என்று அத்தனை தர அளவும் முன்கூட்டியே சொல்லப்படுகிறது. பிறகுதான் தலைக்கோல் என்ற பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும். அளவுகோலை முதலில் வைத்து ஆற்றலைப் பிறகு பார்க்கும் முறை நமக்குப் புதிதன்று.

சி., யாழ்ப்பாணம்

ஐயா சொன்ன அரங்கிலிருந்தே தொடங்குகிறேன். எங்களிடம் நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடம். அங்கே பெர்ஃபார்மன்ஸ் என்பதை ஆற்றுகை என்றுதான் காலங்காலமாக எழுதுகிறோம். ஒரு பிள்ளையைக் கேட்டாலும் விளங்கும். ஆகவே 'ஆற்றுகைப் பணி' என்று போடலாம். ஆசிரியர் வழிகாட்டிகளில் அசெஸ்மென்டைக் கணிப்பீடு என்றும் இவாலுவேஷனை மதிப்பீடு என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் இரண்டுக்கும் மதிப்பீடு ஒன்றே. இந்த இடத்தில் கணிப்பீடுதான் பொருத்தம் என்பதையும் யோசியுங்கள்.

ம., தருமபுரி மாவட்டம்

சி. சொல்வது அழகான சொல். ஆனால் எங்கள் பக்கம் ஆற்றுதல் என்றால் காப்பியை ஆற்றுவது, பசியாற்றுவது. பயிற்சி வகுப்பில் முதல் அரைமணி நேரம் அதை விளக்குவதிலேயே போய்விடும். வினையாடல் அதைவிடச் சிரமம். வினை என்றதும் முன்வினைப் பயன் என்று போய்விடுவார்கள்.

'செய்துகாட்டல்' என்று வைத்தால் என்ன? குழந்தைக்கே சொல்லலாம்: "நாளைக்கு நீ செய்துகாட்டணும்."

புலவர் ந., தஞ்சாவூர்

ஆற்றுதலுக்குக் காப்பி மட்டும்தானா பொருள்? "ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல்" என்ற குறளில் ஆற்றல் வலிமையாகவும் வருகிறது, பொறுத்தலாகவும் வருகிறது. அதே குறளின் அடுத்த அடியில் பிறர் பசியை மாற்றுவாரின் ஆற்றல் அதனினும் பெரிது என்று மறுபடி வலிமைப் பொருளுக்கே திரும்புகிறது. ஆறு என்றால் வழி. நெறிப்படச் செய்வதால் ஆற்றுதல் ஆயிற்று என்று கொள்ள இடமுண்டு. கடனாற்றுதல், உரையாற்றுதல், பணியாற்றுதல் எல்லாம் தமிழ்நாட்டிலும் நாள்தோறும் வழங்குபவையே. பணியாற்றுவோம், ஆற்றுகை மட்டும் புரியாது என்றால் எப்படி?

செய்துகாட்டல் பற்றி: 'செய்துகாட்டுப்பணி' என்று யாரும் ஒற்று மிகுத்துவிட வேண்டாம். செய்துகாட்டு பணி வினைத்தொகை. வல்லினம் மிகாது.

க., மதுரை

ஐயா, ஒற்றைக் குறித்துக்கொண்டேன். ஆனால் செய்துகாட்டலில் வேறு தடை இருக்கிறது. பி.எட். பாடத்தில் டெமான்ஸ்ட்ரேஷனுக்குச் 'செய்துகாட்டல் முறை' என்று பெயர். ஆசிரியர் மேசைமேல் வைத்துச் செய்வது, பிள்ளைகள் பார்ப்பது. நமக்கு வேண்டியது நேர் எதிர்.

வளரறி, தொகுத்தறி இரண்டும் ஆசிரியர்கள் வாயில் நன்றாகப் பழகிவிட்டன. அந்த வரிசையில் 'செய்தறி' என்று வைத்தால்? செய்தறி பணி, செய்தறி மதிப்பீடு.

ம., தருமபுரி மாவட்டம்

இது ஓடும். முதல் தடவை கேட்கும்போதே அறிகிற வேலை உள்ளே இருப்பது தெரிகிறது.

புலவர் ந., தஞ்சாவூர்

ஓடும், ஆனால் இலக்கணம் இடிக்கிறது. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடிய வேண்டும், அதாவது இரண்டு வினையையும் செய்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். தொகுத்தறியில் தொகுப்பவரும் அறிபவரும் ஆசிரியர், குற்றமில்லை. செய்தறியில் செய்பவர் மாணவர், அறிபவர் ஆசிரியர். எழுவாய் மாறுகிறது. இலக்கணப்படி செய்தறி என்றால் செய்து கற்றல் என்றே பொருள். 'செயலறி' என்று வையுங்கள். செயலால் அறிதல் என்று மூன்றாம் வேற்றுமைத் தொகையாக விரியும்.

சி., யாழ்ப்பாணம்

ஐயா, செயலறி என்பதை வேகமாக வாசித்தால் செயலற்ற என்பது போலக் காதில் விழுகிறது. ஒரு பிள்ளையின் திறமையைக் காணும் முறைக்கு அந்த ஓசை ஆகாது.

ம., தருமபுரி மாவட்டம்

எழுவாய் மாறுகிறது என்று ஐயா சொல்வதுதான் எனக்குச் செய்தறியைப் பிடிக்கக் காரணம். அந்தத் தண்ணீர் வடிகட்டியை என் ஏழாம் வகுப்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு குழுவின் நீர் கண்ணாடி போல வந்தது. "இதை அப்படியே குடிக்கலாம்" என்று எழுதிவிட்டார்கள். இன்னொரு குழுவின் பாட்டில் ஓரத்தில் ஒழுகியது, நீரும் லேசாகக் கலங்கல்தான். அந்தக் குழுவில் ஒரு பெண் எழுந்து, கூழாங்கல் மேலே இருந்தால் இலையும் தூசியும் முதலில் அங்கே நின்றுவிடும், மணல் சீக்கிரம் அடைக்காது என்றாள். அப்புறம், அழுக்குப் போகும், கிருமி போகாது, காய்ச்சித்தான் குடிக்கணும் என்றும் சொன்னாள்.

நான் வைத்திருந்த அளவுகோலில் நீரின் தெளிவுக்கு ஒரு பங்கு, காரணம் சொல்வதற்கும் வரம்பு சொல்வதற்கும் இரண்டு பங்கு. ஒழுகிய பாட்டில்தான் கூடுதல் மதிப்பெண் வாங்கியது. முதல் குழு ஏன் என்று கேட்டது. அளவுகோலைக் காட்டினேன், அவர்களே படித்து, குடிக்கலாம் என்ற வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்கள். செய்தவர்களும் அறிந்தார்கள், நானும் அறிந்தேன். எழுவாய் இரண்டாக இருப்பதுதான் இந்த மதிப்பீட்டின் இயல்பு.

க., மதுரை

நேரமாகிவிட்டது. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பான்மை செய்தறி பக்கம். கையேட்டில் 'செய்தறி பணி' என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பெர்ஃபார்மன்ஸ் டாஸ்க் என்று தமிழ் எழுத்தில் பக்கத்தில் இருக்கும். கலைச்சொல் பட்டியலில் ஆற்றுகைப் பணியை இலங்கை வழக்காகத் தருகிறேன். ம. சொன்ன தெளிவு, காரணம், வரம்பு என்ற மூன்று கூறுகளையும் மாதிரி அளவுகோலாகச் சேர்க்க அனுமதி வேண்டும். ரூப்ரிக் என்பதற்கு 'மதிப்பீட்டு அளவுகோல்' என்றே விடுகிறேன். அதைத் தொட்டால் அடுத்த வெள்ளியும் போய்விடும்.

சி., யாழ்ப்பாணம்

பட்டியலில் இடம் தந்ததற்கு நன்றி. ஆனால் அதை இலங்கை வழக்கு என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. பணியாற்றும் எல்லோருக்கும் உரிய சொல் அது. நாங்கள் ஆற்றுகைக் கணிப்பீடு என்றே எழுதுவோம்.

புலவர் ந., தஞ்சாவூர்

ம. அவர்கள் தம் வகுப்பறையிலிருந்து சொன்ன காரணம் வலுவானது. இருந்தும், எச்சம் எழுவாய் மாறி முடியும் ஒரு சொல்லை ஆசிரியர் கையேட்டில் அச்சேற்ற என் மனம் ஒப்பவில்லை. மறுபதிப்பில் 'செயலறி'யை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓசை பற்றிச் சி. அவர்களின் தடைக்கு விடை எழுதிக்கொண்டிருக்கிறேன், நாளை அனுப்புகிறேன்.