தெர்மோஸ்டாட் இல்லாமல் எட்டு மாதமாக ஓட்டுகிறேன், திரும்ப மாட்டலாமா?

மணலி பத்துவீல்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். பத்து வீல் லாரி, பிஎஸ்4, ஆறு சிலிண்டர் டர்போ. மணலியில் லோடு ஏற்றி ஓசூர், பெங்களூர் ஓட்டம், நடுவில் ஸ்ரீபெரும்புதூர் லோக்கலும் உண்டு. போன மே மாதம் கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஊருக்கு வந்து ஷெட்டில் விட்டால், மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகிற வழியை மூடி வைக்கிற வால்வு) கழற்றிக் கையில் கொடுத்து, "சென்னை வெயிலுக்கு இது எதற்கு, குளிர் நாட்டுக்காரன் போட்டது" என்றார். எனக்கும் அப்போது சரி என்றுதான் பட்டது.

இப்போது பிரச்சினை வேறு மாதிரி. ராத்திரி வாலாஜா, ஆம்பூர் பக்கம் சமதளத்தில் போகும்போது முள் 60-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. கம்பெனி கேட் வாசலில் வண்டியை ஆனிலேயே போட்டுக் காத்திருந்தால் அதற்கும் கீழே இறங்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, கண் எரிகிறது. லிட்டருக்கு 4.1 கொடுத்த வண்டி 3.7-க்கு வந்துவிட்டது. போன வாரம் டிப்ஸ்டிக் எடுத்துப் பார்த்தால் ஆயில் மட்டம் மேல் கோட்டுக்கும் மேலே நிற்கிறது, நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை. இத்தனைக்கும் ஓசூர் ஏற்றத்தில் சூடு கொஞ்சம் குறைந்ததே தவிர முழுதாகப் போகவும் இல்லை. திரும்ப மாட்டினால் மே மாதம் மறுபடி கொதிக்குமோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

செங்குன்றம் ஷெட்:

தம்பி, முதலில் அந்த ஆயிலை மாற்று, மற்றதெல்லாம் அப்புறம். ஊற்றாமல் மட்டம் ஏறினால் டீசல் கலந்திருக்கிறது என்று அர்த்தம். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார், வாசனையே சொல்லிவிடும். லைனர் சுவர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், குளிர்ந்து கிடந்தால் தெளிக்கிற டீசல் முழுதாக எரியாது. எரியாதது சுவரில் ஒட்டி, அங்கே இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு அடியில் ஆயில் தேங்கும் சம்புக்கு இறங்கும். உன் வெள்ளைப் புகையும் அதே எரியாத டீசல்தான். இப்படியே ஓட்டினால் ரிங், லைனர் தேய்ந்து, பேரிங்கும் நீர்த்த ஆயிலில் கெடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார், உள்பக்கம் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் தண்ணீரும் சேர்கிறது. சூடான இன்ஜினில் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும், குளிர்ந்ததில் உள்ளேயே தங்கும்.

டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர் ஒழுகினாலும் ஆயில் மட்டம் ஏறும், அதை மறந்துவிடாதே. தெர்மோஸ்டாட் மாட்டிய பிறகும் ஏறினால் இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்டிங்குக்குக் கொடு.

சென்னை வெயில் என்கிறார்கள், வெளியே 40 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். உள்ளே ஓடும் தண்ணீருக்கு 80-க்கு மேல், 90 பக்கம் வேண்டும். டீசல் இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது கொடுக்கிற சூடு ரொம்பக் குறைவு, அதனால்தான் கேட் வாசலில் உனக்கு முள் இறங்குகிறது. காத்திருக்கும்போது அணைத்துப் போடு, டீசலும் மிச்சம்.

பழைய ஆறுவீல்:

நான் பதினோரு வருஷமாகத் தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் நல்லதுதானே. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

செங்குன்றம் ஷெட்:

அண்ணே, உங்கள் பழைய இன்ஜினில் பைபாஸ் வழி (ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் நேராக இன்ஜினுக்கே திரும்பும் வழி) சின்னதாக இருக்கலாம், அதனால் தப்பித்திருப்பீர்கள். இடையில் ஒரு தடவை இன்ஜினைப் பிரித்து வேலை செய்தீர்களா இல்லையா, அதையும் சொல்லுங்கள்.

தம்பி கேட்டதற்கு வருகிறேன். கழற்றியும் ஏற்றத்தில் ஏன் சூடு போகவில்லை? இந்த மாதிரி பெரிய இன்ஜின்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். மேல் வால்வு ரேடியேட்டர் பக்கம் திறக்கத் திறக்க, அடித்தட்டு பைபாஸ் துளையை மூடும். முழுச் சூட்டில் தண்ணீர் மொத்தமும் ரேடியேட்டருக்குத்தான் போகவேண்டும் என்பதற்காக வைத்தது. நீ கழற்றியதும் இரண்டு வாசலும் திறந்து கிடக்கின்றன. சமதளத்தில் தேவையில்லாமல் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்கிறது, ஏற்றத்தில் ஒரு பங்குத் தண்ணீர் ரேடியேட்டரைப் பார்க்காமலேயே இன்ஜினுக்குள் திரும்புகிறது. "தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் சூடு இறங்க நேரமில்லை" என்று ஷெட்டுக்கு ஷெட் சொல்வார்கள், அது சரியில்லை. காரணம் இந்தப் பைபாஸ்தான்.

புதுசு வாங்கும்போது இன்ஜின் நம்பரைச் சொல்லி பார்ட் நம்பர் பார்த்து வாங்கு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும், ஆனால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறதே என்று எதையாவது தூக்கி வராதே, அடித்தட்டு உயரம் மாறினால் பைபாஸ் மூடாது. மேலே 82, 83 என்று குத்தியிருப்பது திறக்க ஆரம்பிக்கிற சூடு, முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஆகும். சில இன்ஜினில் இரண்டு தெர்மோஸ்டாட் இருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்று. மாட்டும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, கூடவே தெர்மாமீட்டரும் போட்டு அடுப்பில் வை. அடியைத் தொடக்கூடாது, தொட்டால் முன்னாலேயே திறக்கிற மாதிரி காட்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் முன் முழுதாகத் திறக்கவேண்டும், ஆறியதும் இடைவெளி இல்லாமல் மூடவேண்டும். (பாத்திரம் ஷெட்டுடையதாக இருக்கட்டும். நான் வீட்டுப் பால் சட்டியை எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.)

தெர்மோஸ்டாட் உட்காரும் ஹவுசிங் முகத்தில் பழைய கேஸ்கெட்டை அலுமினியத்தில் கீறல் விழாமல் சுரண்டு. விளிம்பில் குட்டித் துளையும் அதில் ஆடும் ஊசியும் இருந்தால் அது மேல்பக்கம் வரவேண்டும், காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். கூலன்ட்டை மெதுவாக ஊற்று. ரேடியேட்டரின் மேல் குழாயான டாப் ஹோஸ் முதலில் ஆறிக் கிடந்து, முள் 80-ஐத் தாண்டியபின் திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது. ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் திறந்தபடி நிற்கிறது. ஒரு நடை போய்வந்து, முழுதாக ஆறியபின் கூலன்ட் மட்டம் பார். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே, முகம் வெந்துபோகும்.

மெயின்டனன்ஸ் மாதவரம்:

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் மே மாதம் ஏன் கொதித்தது என்று யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லையே. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் ஆகிவிட்டது. நாங்கள் பார்க்கும் வண்டிகளில் ஏற்றத்தில் மட்டும் சூடாகிறது என்று வருபவற்றில் பெரும்பாலும் ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கிற இன்டர்கூலருக்கும் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) நடுவில்தான் குப்பை இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், இன்டர்கூலரை நகர்த்தினால்தான் உள்ளே தூசி, பூச்சி, வைக்கோல் எல்லாம் கம்பளி மாதிரி அடைந்திருப்பது தெரியும். ரேடியேட்டர் ஃபேனைச் சுழற்றுகிற விஸ்கஸ் கிளட்சையும் பாருங்கள், இன்ஜின் அணைத்த நிலையில் கையால் சுற்றினால் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கவேண்டும், காற்றாடி மாதிரி சும்மா சுற்றினால் உள்ளே இருக்கிற எண்ணெய் போய்விட்டது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் முக்கியம். மூடி அழுத்தம் பிடித்தால்தான் தண்ணீர் 100-ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும்.

தண்ணீர் என்ன ஊற்றுகிறீர்கள்? மணலி, மீஞ்சூர் பக்கம் போர் தண்ணீரில் கடல் உப்பு ஏறியிருக்கிறது, அதை ஊற்றினால் ரேடியேட்டர் குழாயில் படிவும் துருவும் நிச்சயம். டிஎம் வாட்டரில் (உப்பு நீக்கிய தண்ணீர்) கூலன்ட் பாதிக்குப் பாதி போடுங்கள். சென்னையில் தண்ணீர் உறையப் போவதில்லை என்று கூலன்ட்டை விடக்கூடாது, லைனரின் வெளிப்பக்கம் அதிர்வில் குழி விழாமல் காப்பதும் அதில் இருக்கிற மருந்துதான். நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள், டப்பாவில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

பிஎஸ்6 வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தெர்மோஸ்டாட்டைத் தொடவே தொடாதீர்கள். இன்ஜின் சூடு ஏறாவிட்டால் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்து முடிக்காது, அப்புறம் செலவு வேறு கணக்கில் போகும்.

மணலி பத்துவீல்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், ஓட்டத்தில் இருந்தேன். ஆயிலில் பச்சையாக டீசல் வாசனை. ஆயில், ஃபில்டர் மாற்றி, புதுத் தெர்மோஸ்டாட் மாட்டியாயிற்று. மாதவரம் சார் சொன்ன மாதிரியே இன்டர்கூலரை நகர்த்தினோம், ஒரு சாக்கு நிறையக் குப்பை. கிளீனர் பையன் அதற்குள் ஒரு வௌவால் எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்தான். விஸ்கஸ் நன்றாக இருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, மாற்றினேன்.

இரண்டு ஓசூர் நடை ஆயிற்று. சமதளத்தில் முள் 85-இல் நிற்கிறது, ஏற்றத்தில் 92 வரை போய்த் திரும்புகிறது. மைலேஜ் 4-க்கு வந்திருக்கிறது, ஆயில் மட்டம் அசையவில்லை. மே மாதம்தான் உண்மையான பரீட்சை. பழைய தெர்மோஸ்டாட்டையும் வென்னீரில் போட்டுப் பார்த்தேன், அதுவும் சரியாகத்தான் திறந்து மூடுகிறது! எட்டு மாதமாக டேஷ்போர்டில் சும்மா கிடந்தது. ஸ்பேராக வைத்துக்கொள்ளலாமா?

செங்குன்றம் ஷெட்:

ரப்பர் சீல் காய்ந்திருந்தால் தூக்கிப் போடு. இல்லையென்றால் துணியில் சுற்றி டூல் பாக்ஸில் வை, மேலே நம்பரை எழுதி வை. மூடியும் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்.