சொந்தமாக வெளியிடும் பாடல்களின் உரிமத்தொகை: வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

நானே எழுதி, மெட்டமைத்து, பாடிய பாடல்களை எந்த இசை நிறுவனத்தையும் சாராமல் ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் ஆகியவற்றில் வெளியிட்டு வருகிறேன். ஒலிப்பதிவின் உரிமை வேறு, வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு என்பதால், பாடல்களை இத்தளங்களில் ஏற்றித்தரும் விநியோக நிறுவனம் அனுப்பும் தொகை முதலாவதற்கு மட்டுமே உரியது என்றும், இரண்டாவதைப் பெற, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கான உரிமத்தொகையை வசூலித்து வழங்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராக வேண்டும் என்றும் அறிகிறேன். 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் வலுப்படுத்திய இந்த உரிமையைத் திரைத்துறைக்கு வெளியே பாடுபவர்களும் தவறவிடக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

பாடலாசிரியர், இசையமைப்பாளர் என இரு நிலைகளிலும் பதிவுசெய்தவர்கள், மெட்டில் பங்களித்த கிட்டார் கலைஞருக்கான விழுக்காட்டை எவ்வாறு எழுத்தில் உறுதிசெய்தீர்கள்? ஒவ்வோர் ஒலிப்பதிவையும் அடையாளப்படுத்தும் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை மாற்றாமல் வேறு விநியோக நிறுவனத்துக்கு மாறிய அனுபவம் உள்ளவர்களும் அந்த வழிமுறையைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.