எஸ்டோனியாவுல கல்லாஸ்தே ஊர் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

பர்கூர்க்காரன்: அக்கா பையன் எஸ்டோனியாவுல டார்ட்டு நகரத்துல படிக்கிறான், லீவுக்கு பெய்ப்ஸி ஏரிக்கரையில கல்லாஸ்தேன்னு ஒரு சின்ன ஊருக்குப் போறானாம், அங்க ரஷ்ய மொழிதான் பேசுறாங்களாமே, எப்படி?

காரிமங்கலம் அக்கா: அது மத விஷயம் தம்பி. 1650கள்ல ரஷ்ய சர்ச்சோட தலைவர் நிக்கோன் சடங்கை எல்லாம் மாத்துனாரு, பழைய மாதிரி ரெண்டு விரல்லதான் சிலுவை போடுவோம்னு நின்னவங்களை அரசாங்கம் விரட்டி விரட்டி அடிச்சுது, அப்படி தப்பிச்சு வந்தவங்க ஏரிக்கரையில குடியேறி மீன் புடிச்சே பொழைச்சாங்க. இன்னைக்கும் அந்த வழிபாட்டை விடல, எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை.

டேம் மீன் ரசிகன்: நம்ம கிருஷ்ணகிரி கேஆர்பி டேம் பக்கம் மீன் வறுவல் கடை மாதிரி அங்க ரோட்டோரம் புகை போட்ட மீன் விப்பாங்க ணா, கூடவே வெங்காயத்தை தாளோட சடை பின்னி தொங்க விட்டிருப்பாங்க, உயரமா மேடு கட்டி போடுற வெங்காயம் அது. கரையில செவப்பு மணல்பாறை செங்குத்தா நிக்கும், அதுல பொந்து போட்டு குருவிங்க கூடு கட்டும். குளிர்காலத்துல ஏரியே உறைஞ்சிரும், பழைய வண்டி பார்ட்ஸ்ல பெரிய டயர் மாட்டி அவங்களே செஞ்ச வண்டியில ஐஸ் மேல போய் ஓட்டை போட்டு மீன் புடிப்பாங்க.

பர்கூர்க்காரன்: நன்றிக்கா, நன்றி தம்பி. எந்த மாசம் போலாம்?

டேம் மீன் ரசிகன்: வெங்காயம் பாக்கணும்னா ஆகஸ்ட் கடைசி ணா.