கப்பல் கொச்சியில் நிற்கும் ஒரு பகல்: ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரியை நடந்து பார்க்க எந்த வரிசை? சாப்பாடு எங்கே?

கொழிஞ்சாம்பாறைக்காரி

வணக்கம்ங்க. எங்க பெரியப்பா குடும்பம் ஆறு பேர் மும்பையிலிருந்து சொகுசுக் கப்பலில் வர்றாங்க. கப்பல் காலை 8 மணிக்குக் கொச்சி வருது, சாயங்காலம் 5 மணிக்குள்ள எல்லாரும் திரும்ப ஏறியிருக்கணும். நாங்க மூணு பேர் பாலக்காட்டிலிருந்து ரயிலில் போய் அவங்களோட சேர்ந்துக்கிறோம். கப்பலில் விக்கிற பஸ் டூர் வேண்டாம், ஊருக்குள்ள நடக்கணும்கிறது பெரியப்பாவோட விருப்பம்.

ரெண்டு தேதி கிடைக்குது. ஒண்ணு சனிக்கிழமை, இன்னொண்ணு ஞாயிறு. எது நல்லது? எங்கே ஆரம்பிச்சு எங்கே முடிக்கணும்? மீன் சாப்பாடும் மட்டாஞ்சேரி பிரியாணியும் ரெண்டுமே வேணும்கிறாங்க. பெரியம்மா சுத்த சைவம், முட்டி வலியும் இருக்கு. நாங்க துறைமுகத்துக்குள்ள போய் அவங்களைக் கூட்டிக்க முடியுமா?

---

துறைமுகத் தெரு

கடைசிக் கேள்வியிலிருந்து வர்றேங்க. உள்ளே போக முடியாது. பயணிகளும் ஊழியர்களும் தவிர யாரையும் வாயிலில் விடமாட்டார்கள். பெரியப்பா வீட்டார் கப்பல் அட்டையோடு ஆதாரையும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது வாயிலில் இரண்டையும் கேட்பார்கள், அட்டையை அறையில் விட்டுவிட்டு வந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

கப்பல் வந்து நிற்பது ஃபோர்ட் கொச்சியில் இல்லை, வில்லிங்டன் தீவில். துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி, பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காலத்தில் உருவாக்கிய தீவு அது. 1928-ல் 'பத்மா' என்ற கப்பல்தான் முதலில் உள்துறைக்குள் வந்தது. தீவு முழுக்க அகலமான சாலை, கிடங்கு, அலுவலகம், கடற்படை இடங்கள். நடந்து ரசிக்க அங்கே அதிகம் கிடையாது. தோப்பும்படிப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஃபோர்ட் கொச்சிக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 8 கி.மீ. இந்தத் தூரத்தை நடந்து தீர்த்தால் ஊரைப் பார்க்கக் கால் மிஞ்சாது. நடையை ஃபோர்ட் கொச்சியில் தொடங்குங்கள், அதுவரை வண்டியோ படகோ.

8 மணிக்குக் கப்பல் வந்தாலும் அனுமதி கொடுத்து ஆட்களை இறக்க நேரமாகும். வாயிலுக்கு வெளியே 9 மணி என்று கணக்கு வையுங்கள். வெளியே ஆட்டோக்காரர்கள் மிகக் குறைந்த காசுக்கு "முழு டவுனும் காட்டுறேன்" என்பார்கள். அந்த விலைக்கு அர்த்தம், நடுவில் இரண்டு மூன்று பெரிய கைவினைக் கடைகளில் நிறுத்துவார்கள், கடை அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை மணி போகும். "ஃபோர்ட் கொச்சி ஜெட்டி, ஒரு வழி மட்டும், கடையில் நிறுத்த வேண்டாம்" என்று ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கு இரண்டு ஆட்டோ.

நீங்கள் பாலக்காட்டிலிருந்து வந்து எறணாகுளம் டவுன் ஸ்டேஷனில் இறங்குங்கள் (நார்த் என்றும் சொல்வார்கள்). அங்கிருந்து ஹைகோர்ட் ஜெட்டி ஆட்டோவுக்குக் கிட்ட தூரம். ஹைகோர்ட்டிலிருந்து வாட்டர் மெட்ரோ படகு நேராக ஃபோர்ட் கொச்சிக்குப் போகும். குளிர்சாதனப் படகு, பெரியவர்களுக்கும் ஏறி இறங்க எளிது. படகில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றமாட்டார்கள், அதனால் விடுமுறை நாளில் வரிசை நீளும். ஒரு படகு போனால் அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கிளம்புங்கள். இரண்டு கூட்டமும் சந்திக்க ஃபோர்ட் கொச்சி ஜெட்டிதான் சரியான இடம்.

அங்கிருந்து நடை: சீன மீன்பிடி வலைகள், வாஸ்கோ ட காமா சதுக்கம், புனித பிரான்சிஸ் தேவாலயம், பிறகு சாண்டா குரூஸ் பசிலிக்கா. இது எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடங்கும், பாதி வழி மழைமர நிழல். வாஸ்கோ ட காமா 1524-ல் இங்கே இறந்து பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைக்கப்பட்டார், 1539-ல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கல்லறை இடம் மட்டும் உள்ளே இருக்கிறது.

சீன வலை காலையில் பார்க்கிற காட்சி. நாலைந்து பேர் சேர்ந்து இழுப்பார்கள், மறுமுனையில் வெவ்வேறு நீளக் கயிற்றில் கட்டிய கற்கள்தான் எடை சமன் செய்யும். வலை எழ எழ ஒவ்வொரு கல்லாகத் தரையில் அமரும், அதை நின்று கவனியுங்கள். மேடைக்குக் கூப்பிட்டு கயிறு இழுக்கச் சொன்னால், அதற்குக் காசு எதிர்பார்ப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். கடலில் இறங்க வேண்டாம். துறைமுக வாய் அது, நீரோட்டம் பலமானது.

---

தத்தமங்கலம் தமிழ்

மேலே சொன்ன வரிசை நல்ல வரிசை, ஆனால் கிழமையைப் பார்த்து மாற்றணும்.

பரதேசி யூதத் தொழுகைக்கூடம் (1568-ல் கட்டியது) வெள்ளியும் சனியும் பார்வையாளருக்குக் கிடையாது. யூதப் பண்டிகை நாளிலும் மூடல். திறந்திருக்கும் நாளிலும் மதியம் 1 முதல் 3 வரை பூட்டியிருக்கும். இந்த இடைவேளை தெரியாமல் ஒன்றேகாலுக்குப் போய் நிற்பவர்கள்தான் அதிகம். மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை விடுமுறை. பிரான்சிஸ் தேவாலயத்தில் ஞாயிறு காலை ஆராதனை, சுற்றிப் பார்க்க மதியத்துக்கு மேல்தான்.

சனி என்றால்: ஃபோர்ட் கொச்சி காலையில், மட்டாஞ்சேரி மதியம். தொழுகைக்கூடம் மட்டும் இழப்பு. முடிவது வில்லிங்டன் தீவுக்கு நேர் எதிர்க்கரையில் என்பதால் திரும்புவதில் பதற்றம் இல்லை.

ஞாயிறு என்றால் தலைகீழாக: காலையில் மட்டாஞ்சேரி, 10 மணிக்குத் தொழுகைக்கூடம், அடுத்து அரண்மனை, சாப்பாடு, 1 மணிக்கு மேல் ஃபோர்ட் கொச்சி. சந்திப்பையும் மட்டாஞ்சேரி ஜெட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாம் பார்க்கலாம், ஆனால் பஜார் ரோட்டில் கிடங்குகள் பூட்டியிருக்கும், வலைகளும் உச்சி வெயிலில் சும்மா நிற்கும், முடிவது கப்பலுக்குத் தூரமான முனையில்.

என்னைக் கேட்டால் ஞாயிறு. தொழுகைக்கூடத்தில் சீன ஓடுகள் பதித்த அந்தத் தளம் வேறெங்கும் கிடைக்காது. கையால் வரைந்த நீல ஓடுகள், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்பார்கள். செருப்பு வெளியே, முழங்கால் தெரியும் உடை கூடாது.

அரண்மனைக்கு அவசரமாகப் போய் வராதீர்கள். போர்ச்சுகீசியர் 1555-ல் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, டச்சுக்காரர்கள் 1663-ல் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர். வெளியே பார்த்தால் சாதாரண ஓட்டு வீடு. பள்ளியறைச் சுவரில் ராமாயணம் முழுக்கச் சித்திரம். முதலில் அதற்குப் போய் அரை மணி நில்லுங்கள், பல்லக்கும் உடைகளும் பிறகு. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள்.

---

மட்டாஞ்சேரி அடுப்படி

சாப்பாட்டை நான் சொல்றேன்.

பிரியாணிக்குக் காயீஸ் ரஹ்மத்துல்லா, ஊரில் காயிக்கா கடை என்றால்தான் வழி சொல்வார்கள். 1948-லிருந்து நடக்கிறது. சீரக சம்பா பிரியாணிக்குப் பழகிய நாக்குக்கு இது வேறு. கைமா அரிசி (நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலும் கிடைக்கிற அதே பொடி அரிசி), அரிசி தனியாக, மசாலா தனியாக வெந்து தம்மில் சேரும். காரம் குறைவு, நெய்யும் வறுத்த வெங்காயமும் தூக்கலாக இருக்கும். பக்கத்தில் வைக்கும் ஈத்தப்பழ (பேரீச்சை) சட்னியை ஓரமாகத் தள்ளிவிடாதீர்கள், அதோடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் சுவை முழுமை. 12 மணிக்குப் போங்கள். ஒன்றரைக்கு மேல் மட்டன் தீர்ந்துபோகும் வாய்ப்பு அதிகம். ஒன்பது பேர் ஒரே மேசைக்குக் காத்திருக்காமல் பிரிந்து உட்காருங்கள்.

மீனுக்கு, வலைகளுக்குப் பக்கத்தில் மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் கடைகள் இருக்கு. நல்லா இருக்கும், ஆனால் முறையாகப் பேசணும்:

விலை கிலோவுக்கா மீனுக்கா என்று முதலில் கேளுங்கள். தட்டைத் தனியாகத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எடை போடுவது சுத்தம் செய்யும் முன்பா பின்பா என்று கேளுங்கள், செதிலும் குடலும் போனால் எடை நன்றாகவே குறையும். சமையல் கூலி தனி, அதைச் சமையல் கடைக்காரரிடமே கேளுங்கள், மீன்காரர் சொல்வதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். மீனைச் சுத்தம் செய்து சமையலுக்குக் கொண்டுபோகும் வரை வீட்டில் ஒருத்தர் கூடவே நிற்கட்டும்.

அங்கே விற்பதெல்லாம் அந்த வலையில் பிடித்தது இல்லை. பெரிய வஞ்சிரமும் (நெய்மீன்) வாவலும் (ஆவோலி) ஆழ்கடல் மீன், அவை படகுத்துறையிலிருந்து பனிக்கட்டியில் வருபவை. அதில் தப்பில்லை, கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, அழுத்தினால் சதை குழி விழாமல் எழும்பணும். ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடை இருப்பதால் அந்த நாட்களில் பெரிய மீன் குறையும், விலையும் ஏறும்.

பொள்ளிச்சதுக்கு (மசாலா தடவி வாழையிலையில் கட்டிச் சுடுவது) கரிமீன் 250 முதல் 300 கிராம் அளவில் எடுங்கள். அதற்கு மேல் பெருத்தால் மசாலா உள்ளே இறங்கும் முன்பு வாழையிலை கருகிவிடும். ஆளுக்கொன்று. இலையில் கட்டிச் சுட அரை மணியாவது வேணும், சொல்லிவிட்டுத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வரலாம். முள் அதிகம், குழந்தைகளுக்குக் கொடுவா (அங்கே காளாஞ்சி) நல்லது. குடம்புளி போட்ட சிவப்புக் குழம்பு நம்ம புளிக்குழம்பை விட எடுப்பான புளிப்பு. மாங்காயும் தேங்காய்ப்பாலும் போட்டது கேட்டால் மென்மையாக இருக்கும்.

ஆனால் ஒரே மதியத்தில் பிரியாணியும் மீனும் இரண்டையும் முழுச் சாப்பாடாக வைக்காதீர்கள். சனி என்றால் 10 மணிக்கு மீனைக் கொறிப்பாக, 12-க்குப் பிரியாணி. ஞாயிறு என்றால் பிரியாணி முதலில், 2 மணிக்கு மேல் கொஞ்சம் இறால் வறுவல்.

பெரியம்மாவுக்குக் குஜராத்தி ரோடு. மட்டாஞ்சேரி அரண்மனையிலிருந்து கிட்டத்தான், தலைமுறைகளாகக் குஜராத்திகள் இருக்கும் தெரு, சைவச் சாப்பாடும் இனிப்புக் கடைகளும் உண்டு. மற்ற கடைகளில் சைவ ஊண் (சாப்பாடு) கேட்டால் மட்டை அரிசிதான் முதலில் வரும், வெள்ளைச் சோறு வேணும்னா "பச்சரி" என்று சொல்லணும். மீன் குழம்புக் கரண்டி சாம்பாரில் போகிற கடையும் இருக்கும், அதனால் அசைவக் கடையில் "சைவம் மட்டும்" என்று சமாளிப்பதை விட அந்தத் தெருவுக்கே போய்விடுவது நல்லது. சிவப்பு நிறத்தில் சூடாக வரும் தண்ணீர் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் காய்ச்சியது, மும்பைக்காரர்கள் பயப்பட வேண்டாம்.

---

கொழிஞ்சாம்பாறைக்காரி

ரொம்ப நன்றிங்க. ஞாயிறுன்னு முடிவு பண்ணிட்டோம். அப்போ பெரியம்மா முட்டிக்கு மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சி வரைக்கும் நடை தாங்குமா? கடைசியில் திரும்புறதுக்கு எப்போ கிளம்பணும்?

---

துறைமுகத் தெரு

அந்த வழி ஏறத்தாழ 3 கி.மீ., தட்டையான சாலைதான். ஆனால் பஜார் ரோட்டில் நடைபாதை கிடையாது, ஞாயிறில் லாரி குறைவு என்பது ஒரு வசதி. கற்பலகை பெயர்ந்த இடங்கள் இருக்கும், தட்டையான பிடிப்புள்ள செருப்பு போடட்டும். பெரியம்மாவும் துணைக்கு ஒருவரும் தொழுகைக்கூடம் இருக்கும் யூதத் தெருவில் ஆட்டோ ஏறி நேராகப் பிரான்சிஸ் தேவாலயம் முன் இறங்கட்டும், மற்றவர்கள் பஜார் ரோடு, கல்வத்தி வழியாக நடந்து வாருங்கள். பினாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கும் மாதங்களானால் (டிசம்பர் முதல் மார்ச் வரை, எல்லா ஆண்டும் இல்லை) அந்த வழியில் கண்காட்சி இடமான ஆஸ்பின்வால் ஹவுஸ் வரும், வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள். உள்ளே போனால் இரண்டு மணி நேரம் தெரியாமல் கரையும்.

திரும்ப: 5 மணிக்கு ஏறணும் என்றால் 3 மணிக்கு ஃபோர்ட் கொச்சியை விட்டுக் கிளம்புங்கள். சாயங்காலம் ஊர்க்காரர்கள் கடற்கரைக்கு வருவதால் எதிர்த்திசை நெரிசல், தோப்பும்படிப் பாலத்தடியில் வண்டிகள் நகராது. படகில் திரும்பலாம் என்றாலும், மழைக்காலம் முடிந்த மாதங்களில் காயலில் ஆகாயத்தாமரை (இங்கே பாயல்) அடர்ந்து படகு தாமதமாகும், ஞாயிறு வரிசையும் இருக்கும். கப்பல் காத்திருக்காது. ஆட்டோவை மதியமே பேசி, ஓட்டுநர் எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

---

தத்தமங்கலம் தமிழ்

அரை மணி மிச்சம் இருந்தால் 'வெளி' என்று பெயருள்ள மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தோபி கானாவுக்குப் (சலவைக்கூடம்) போய் வாருங்கள். வண்ணார் குடும்பங்கள், டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வழி என்பார்கள், இன்றும் தமிழ் பேசுகிறார்கள். கயிற்றை இரட்டையாக முறுக்கி, துணி முனையைப் புரிகளுக்கு நடுவில் செருகிக் காயவைப்பார்கள், கிளிப் ஒன்றுகூட இல்லாமல் காற்றில் பறக்காது. அது அவர்கள் தொழிலிடம், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

---

குமுளி மலை

யூதத் தெருவில் மிளகு, ஏலக்காய் வாங்குவது பற்றி யாரும் சொல்லவில்லை. மும்பைக்காரர்களுக்கு வாங்கலாம், பாலக்காட்டுக்காரர்கள் குமுளிப் பக்கம் வரும்போது வாங்கினால் போதும். மூட்டையில் குவித்து வாசலில் வைத்திருப்பது பார்வைக்கு, ஈரக்காற்றில் வாசம் போயிருக்கும். உள்ளே மூடிய டப்பாவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஏலக்காய் 8 மி.மீ. தரம் கேளுங்கள், ஒன்றைப் பிளந்து விதை கறுப்பாகப் பிசுபிசுப்பாக இருக்கிறதா பாருங்கள். வெளுத்து உலர்ந்திருந்தால் பழசு. மிளகு கொஞ்சம் தண்ணீரில் போட்டால் கனமானது அமிழும், பொக்கு மிதக்கும். ஒட்டி மூடிய பொட்டலமாகக் கட்டச் சொல்லுங்கள். சமைத்த உணவையும் பச்சை மீனையும் பொதுவாகக் கப்பலில் ஏற்றவிடமாட்டார்கள், மூடிய மசாலாப் பொட்டலத்துக்குச் சிக்கல் இருக்காது.