மறு: ‘தற்காப்பு எதிர்த்தாக்குதல்’ – மாற்றுச் சொற்கள்

வணக்கம். கால்பந்தில் முதலில் காத்து நின்று, பந்து கிடைத்ததும் வேகமாகப் பாய்ந்து தாக்கும் ஆட்டமுறைக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சுக்கு இது என் பதில். நீங்கள் இப்படிக் கேட்டிருந்தீர்கள்:

> எதிர்த்தாக்குதல் ஏற்கெனவே செய்தித்தாள்களில் புழங்கும் சொல். முன்னால் ‘தற்காப்பு’ சேர்த்தால் போதுமே?

போதாது என்றே நினைக்கிறேன், ஐயா. 2022 உலகக் கோப்பையில் ஜப்பான் ஸ்பெயினை 2-1 என்று வென்ற ஆட்டத்தை இந்தச் சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள். 48ஆம் நிமிடம் டோவான் அடித்த கோல், ஸ்பெயின் கோல் கீப்பர் வரை போய் நெருக்கிப் பந்தைப் பறித்ததில் வந்தது. சற்று நேரத்தில் தனாகா இரண்டாவது கோலைப் போட்டதும், அதே அணி கடைசி வரிசையில் ஐந்து பேர், அவர்களுக்கு முன்னே நான்கு பேர் என்று பின்னால் இறங்கி மூடிக்கொண்டது. இரண்டும் தற்காப்புதான். இரண்டிலிருந்தும் எதிர்த்தாக்குதல் கிளம்பலாம். நின்ற இடம்தான் வேறு.

ஆகவே இடத்தைச் சொல்லும் சொல் முதலில் வேண்டும். சொந்தப் பெனால்டி பகுதியை ஒட்டி நின்று காத்தால் பின்னரண், நடுக்கோட்டருகே என்றால் நடுவரண், எதிரணிப் பாதிக்குள் ஏறி நெருக்கினால் முன்னரண். நம் பேச்சில் அம்மையார் ஒருவர் பின்னரணுக்கு முன்வைத்த ‘தாழரண்’ எனக்கும் பிடித்திருக்கிறது. தாழ் என்பது கதவுத் தாழும் ஆகும். இத்தாலியர்கள் தங்கள் பழைய தற்காப்பு ஆட்டத்துக்கு வைத்த ‘கத்தெனாச்சியோ’ என்ற பெயருக்கும் தாழ்ப்பாள் என்றுதான் பொருள். ஆனால் அதை எடுத்துக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் இடையரண், உயரரண் என்று போக வேண்டும். மைதானத்தில் யாரும் உயரம், தாழ்வு பார்ப்பதில்லை. “பின்னால வா, முன்னால ஏறு” என்றுதான் ஆடுகிறவர்கள் கத்துகிறார்கள்.

அப்புறம் ஆட்டமுறைக்கு. காத்துப்பாய்தல் என்பது என் பரிந்துரை. காத்தல் என்பதில் காவலும் உண்டு, காத்திருப்பும் உண்டு. பயிற்சியாளர் ரெக்ராகியின் மொராக்கோ அதே உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராகச் செய்தது இரண்டையும்தான். 4-1-4-1 அணிநிலை. (‘வியூகம்’ திட்டம் என்ற பொருளுக்குப் போய்விட்டதால் ‘அணிநிலை’ என்கிறேன்.) நான்கு பேர் கொண்ட இரு வரிசைகளுக்கு நடுவே அம்ராபத் மட்டும் நின்று, உள்ளே வரும் பாஸை எல்லாம் மறித்தார். 120 நிமிடங்களில் ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் கொடுத்தும் கோல் விழவில்லை. பந்து கிடைத்தபோதோ மொராக்கோ தயங்கவே இல்லை. கூடுதல் நேரத்தில் செதீரா தனியாக உள்ளே புகுந்து அடித்த பந்தை ஸ்பெயின் கோல் கீப்பர் உனாய் சிமோன் காலால்தான் தடுத்தார். கடைசியில் பெனால்டியில் 3-0 என்று மொராக்கோ வென்றது. அந்தப் பொறுமையையும் அந்த வேகத்தையும் ‘தற்காப்பு எதிர்த்தாக்குதல்’ என்ற அறிக்கை நடை காட்டவே காட்டாது.

அரணுக்கும் பாய்ச்சலுக்கும் தனித்தனிச் சொல் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். 2004 யூரோவை (ஐரோப்பிய நாடுகளின் கோப்பையை) வென்ற கிரீஸைப் பாருங்கள். கால் இறுதி, அரை இறுதி, இறுதி மூன்றும் 1-0. மூன்று கோலும் தலையால் முட்டியவை. கடைசி இரண்டும் கார்னரிலிருந்து வந்தவை. பயிற்சியாளர் ரெஹாகலின் அணி உறுதியாகக் காத்தது, ஆனால் அந்த மூன்று கோலும் பாய்ந்து போட்டவை அல்ல. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் கிரீஸைப் பற்றித் தவறாக எழுதுவோம்.

‘நொச்சி’ என்று வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. மதில் காக்கும் போரைக் குறிக்கும் புறத்திணைப் பெயர் அது. அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அது மதில் காப்பதோடு நிற்கிறது. திணை படிக்காத வாசகருக்கு அடிக்குறிப்பும் போட வேண்டிவரும்.

சரி, வாக்கியத்தில் நிற்கிறதா பார்ப்போம்:

“மொராக்கோ பின்னரணில் நின்று காத்துப்பாய்ந்தது.”
“அரை இறுதியில் பிரான்ஸிடம் ஐந்தாம் நிமிடமே கோல் வாங்கியதால் மொராக்கோவால் காத்துப்பாய முடியவில்லை.”

எனக்கு இடறவில்லை. பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும் காத்துப்பாய்தலா, காத்துப்பாய்ச்சலா என்று முடிவாகவில்லை. தலைப்புச் செய்திக்கு இரண்டாவது பொருந்தும் என்று படுகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.